சாம்பல் நிறப் பெட்டிக்காரர்

அவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால், ஒரு மனிதரைப் பற்றி இவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறானே, உள்ளூரப் பாசம் இருக்கும் போல என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக்கூடும். பாசமெல்லாம் கிடையாது. அவருக்குக் கீழே வேலை பார்த்த காலம் முழுக்க அவரைப் பார்த்துப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன். அப்படி எரிகிறவனுக்கு ஒன்றும் மறப்பதில்லை.

பேட்டையில், இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே வெல்டிங் வைத்தால் மேலே குழல்விளக்கு கண் சிமிட்டும். வெளிநாட்டுக்காரர்கள் உருவாக்கிய ஒரு பைல் சிஸ்டத்துக்கு விளக்கக் குறிப்புகள் எழுதுவது எங்கள் பிழைப்பு. பைல் சிஸ்டம் என்பது, கணினியின் டிஸ்கில் எந்தக் கோப்பு எந்த மூலையில் கிடக்கிறது என்று கணக்கு வைத்து, கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற மென்பொருள். இலவசம்தான், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதை எப்படி நிறுவுவது, புது டிஸ்க் சேர்ப்பது எப்படி, கெட்டுப்போனால் என்ன செய்வது என்று பக்கம் பக்கமாக எழுதி இணையத்தில் போடுவோம். ஒவ்வொரு பக்கத்திலும் நடுநடுவே ஒரு சாம்பல் நிறப் பெட்டி வரும். அதற்குள்தான் கட்டளைகள் இருக்கும். படிப்பவர் அதைப் பார்த்துத் தன் கணினியில் அப்படியே அடிப்பார். கணினியும் மறுபேச்சு பேசாமல் சொன்னதைச் செய்யும்.

அந்தச் சாம்பல் நிறப் பெட்டிதான் அவருடைய ராஜ்ஜியம். எழுத்துப் பிரிவுக்கு அவர் தலைவர். பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எதிரில் ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘பெட்டி சார்’. எங்களிடம் வருவதற்கு முன்னால் டவுணில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம் ஒன்றில் இருந்தார் என்று சொன்னார்கள். கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து யாரும் எதையும் அடித்துப் பார்ப்பதில்லை. அந்த நிம்மதியிலேயே அவர் இங்கேயும் இருந்தார்.

ஒரு பக்கத்தை எழுதி முடித்தால் அதை அச்செடுத்துக் கொடுக்கச் சொல்வார். இணையத்தில் இருக்கப்போகிற பக்கத்தைத் தாளில் எடுப்பதே முதல் கூத்து. பிறகு அதைச் சுவரில் ஒட்டிவிட்டு எதிர்ச்சுவர் வரை நடந்துபோய் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். அதோடு விடமாட்டார். தாளைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டி இன்னொரு தடவை பார்ப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இது ஏதோ பெரிய வித்தை என்று நினைத்து, ஏன் சார் தலைகீழாக என்று கேட்டேன்.

“எழுத்தைப் படிக்க ஆரம்பிச்சா அழகு கண்ணுக்குத் தெரியாது வே. அதான் திருப்பிப் போடுதேன்” என்றார்.

படிக்காமல் இருப்பதற்காக ஒரு மனிதர் இவ்வளவு பாடுபட்டு அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அந்தப் பெட்டிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதில் அவருக்குக் கூச்சமும் கிடையாது. ஒருநாள் அவருடைய கணினியில் ஏதோ பார்ப்பதற்காக நான் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தேன். வைரஸ் வந்துவிட்டது என்று பதறி, சுவரில் இருந்த சுவிட்சையே அணைத்துவிட்டார். கட்டளைகளுக்கு விளக்கம் எழுதும் பிரிவின் தலைவர் அவர்.

அவருடைய கண் எல்லாவற்றையும் அப்படித்தான் பார்த்தது. அலுவலகத்தில் யாராவது அல்வா வாங்கி வந்தால், கையில் எடுத்து முதலில் அந்த அட்டைப்பெட்டியைத்தான் பார்ப்பார். மூலை மடிப்பு சரியாக இருக்கிறதா, நூல் நடுவில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, “நல்ல கடைதான்” என்பார். அல்வா ஊசிப்போயிருந்தாலும் அவருக்கு அது நல்ல கடைதான். ஒருமுறை அப்படித்தான் நல்ல கடை அல்வாவைத் தின்றுவிட்டு இரண்டு பேர் லீவு போட்டார்கள்.

ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல் என்று, கையெழுத்து வாங்கப் பெருமாள்புரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். வீடு பளிச்சென்று இருந்தது. செருப்பு எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக் கிடந்தன. அவர் மனைவிக்கு மாத்திரை போடுகிற நேரம். அந்த அம்மா ஒரு மரப்பெட்டியை எடுத்துவந்து திறந்தார். உள்ளே மாத்திரை அட்டைகள் எல்லாம் ஒரே நீளம், ஒரே அகலம். பெட்டிக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று கத்தரியை எடுத்து எல்லா அட்டைகளையும் ஓரம் வெட்டி அடுக்கியிருந்தார் மனுஷர். மாத்திரையின் பெயரும் காலாவதித் தேதியும் அந்த ஓரத்தில்தான் இருந்தன. அவை போய்விட்டன.

அந்த அம்மா ஒவ்வொரு அட்டையாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இவுக வெட்டி வெட்டி அடுக்கிருதாவ தம்பி. நான் நெறத்தப் பாத்துத்தான் கண்டுபிடிக்கேன். பிரஷர் மாத்திரையும் மஞ்சள், இதுவும் மஞ்சள். என்னத்தச் செய்ய?” என்றார்.

அவர் கட்டிலில் படுத்தபடி, “இங்கன பாரும் வே, இப்ப பெட்டி எப்படி மூடுது, டக்குன்னு” என்று மூடிக் காட்டினார். காய்ச்சலிலும் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்வரை எனக்கு ஒருமாதிரியாகவே இருந்தது. அந்த அம்மா எதை விழுங்கினாரோ.

எங்கள் பிரிவில் ஜெபராணி என்று ஒரு பெண் இருந்தாள். பாளையங்கோட்டைக்காரி, வாத்தியார் வீட்டுப் பிள்ளை. அவள் மட்டும் தன் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினியைப் போட்டு வைத்திருப்பாள். ஒரு கட்டளையை எழுதினால் முதலில் அதில் அடித்துப் பார்ப்பாள். வேண்டுமென்றே தப்பாகவும் அடித்துப் பார்ப்பாள். தப்பாக அடித்தால் கணினி என்ன சொல்லித் திட்டுகிறது என்பதையும் பெட்டிக்குள் எழுதுவாள். மாட்டிக்கொண்டு முழிக்கிற ஆளுக்கு அதுதான் உதவும். அவருக்கோ அதுதான் முதல் உறுத்தல்.

“ஏம்மா, வீட்டுக்கு வந்தவங்கள உக்கார வச்சு குப்பைக் கூடையத் தொறந்து காட்டுவியா?” என்று கேட்டார்.

“சார், தப்பு வந்தா இப்படித்தான் வரும்னு தெரியணும்லா?”

“நம்ம பக்கத்துல எதுக்கும்மா தப்பு வருது? எடுத்துரு.”

எடுத்தாள். அன்றிலிருந்து எங்கள் விளக்கக் குறிப்புகளில் எதுவுமே தவறாகப் போவதில்லை. உலகத்தில் அவ்வளவு ஒழுங்கான மென்பொருள் வேறு கிடையாது. அந்தச் சுத்தப்படுத்தலில் இன்னொன்றும் போனது. ஏற்கெனவே கோப்புகள் இருக்கிற டிஸ்கைப் புதிதாக்கச் சொன்னால், எங்கள் பைல் சிஸ்டம் ஒரு கேள்வி கேட்கும்: உள்ளே ஏதோ இருக்கிறது, அழித்துவிடலாமா என்று. ஜெபா அந்தக் கேள்வியையும் உதாரணத்தில் காட்டியிருந்தாள். பெட்டிக்குள் கேள்விக்குறி வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. கேள்வி கேட்காமல் செய்ய வழியே இல்லையா என்று குடைந்தார். ஒரு எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் கேட்காமலே அழித்துவிடும், ஆனால் அது விஷயம் தெரிந்தவர்களுக்கு மட்டும், பக்கத்தில் போடக் கூடாது என்றாள். முதல் பாதி மட்டும் அவர் காதில் விழுந்தது. மறுநாள் அந்த எழுத்து பெட்டிக்குள் ஏறியிருந்தது.

அடுத்து வந்தது, நான் சொல்ல வந்த விஷயம். புது டிஸ்க் சேர்ப்பது எப்படி என்று ஒரு பக்கம். அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ஜெபா # என்கிற குறியைப் போட்டிருந்தாள். எங்கள் தொழிலில் அது பழைய வழக்கம். இது நிர்வாகி மட்டும் செய்ய வேண்டிய காரியம் என்பதற்கு அடையாளம். அதோடு அதற்கு இன்னொரு குணம் உண்டு. யாராவது அவசரக்காரர் பெட்டியில் இருப்பதை மொத்தமாக அள்ளிக்கொண்டுபோய் ஒட்டினால், # முன்னால் இருக்கிற வரியைக் கணினி வெறும் குறிப்பு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடும். ஒன்றும் நடக்காது. பிறகு அந்த ஆள் நிதானமாக ஒவ்வொரு வரியாகப் படித்து அடித்தாக வேண்டும். அதேபோல டிஸ்கின் பெயர் வரவேண்டிய இடத்தில் < > என்று இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே ‘உங்கள் டிஸ்கின் பெயர்’ என்று எழுதியிருந்தாள். அதை மாற்றாமல் அடித்தால் கணினி அங்கேயே நின்றுவிடும்.

பெட்டி சார் தாளைச் சுவரில் ஒட்டி, தலைகீழாகவும் ஒட்டி, திரும்பி வந்தார்.

“என்னம்மா இது, வரிக்கு வரி வாசல்ல கோலம் போட்டு வச்சிருக்க?”

அவள் பொறுமையாக விளக்கினாள். மொத்தமாக எடுத்துப் போட்டால் ஆபத்து, அதைத் தடுக்கத்தான் என்றாள். நானும் கூடச் சேர்ந்து சொன்னேன். அவர் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது. தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு, தாளில் அந்தக் கூர்முனைகளின் மேல் விரலை வைத்தார்.

“இது என்ன, வாயத் தொறந்துக்கிட்டு நிக்கி?”

“அங்கனதான் சார் அவங்க டிஸ்க் பேரப் போடணும்.”

“ஒரு நல்ல பேரா நாமளே போட்டுக் கொடுத்துருவோம். பாக்க நெசமாட்டம் இருக்கணும்லா. கல்யாணப் பத்திரிகை மாதிரியில மணமகன், மணமகள்னு எழுதி வச்சா எவன் வாங்குவான்? ஒரு குமாரும் ஒரு மீனாட்சியும் இருந்தாத்தான் களை.”

குமார் என்று அவர் தேர்ந்தெடுத்தது sdb என்ற பெயரை. நிறையக் கணினிகளில் இரண்டாவது டிஸ்குக்குத் தானாக வருகிற பெயர் அது. மூன்றெழுத்து, அளவாக இருக்கிறது என்றார். # குறிகளையும் ‘அழித்துவிடலாமா’ என்கிற கேள்வியையும் எடுத்துவிட்டு, கேட்காமலே அழிக்கும் அந்த எழுத்தை இங்கேயும் சேர்த்தார். கடைசியாகப் பெட்டியின் மூலையில் ஒரு சின்னப் பொத்தான் வைக்கச் சொன்னார். அதை ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இருக்கிற எல்லா வரிகளும் மொத்தமாகப் பிரதியாகிவிடும். ஆக, மொத்தமாக அள்ளிக்கொண்டு போகாதே என்று அவள் போட்ட வேலியைப் பிடுங்கிப் போட்டதுமில்லாமல், அள்ளிக்கொண்டு போக ஒரு வாளியும் கொடுத்தார். பக்கம் வெளியானபோது வெளிநாட்டுக்காரர்கள் பார்த்துவிட்டு மிக அழகாக இருக்கிறது என்று பாராட்டி எழுதினார்கள். முதலாளி அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். அவர்களும் தலைகீழாகத்தான் பார்த்திருப்பார்கள் போல.

ஜெபாவின் அக்கா வீட்டுக்காரர் டேவிட், டவுணில் ரத வீதிக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாண வீடியோ, ஆல்பம், பிறந்தநாள் எல்லாம் எடுப்பார். எங்கள் பைல் சிஸ்டத்தை அவருடைய கணினியில் போட்டுக் கொடுத்ததே ஜெபாதான். எங்கள் அலுவலகத்தில் செய்கிற பொருள் என்று அவளுக்குப் பெருமை. முகூர்த்த மாதத்தில் இடம் போதாமல் போகவே, டேவிட் இன்னொரு டிஸ்க் வாங்கி வந்தார். கொழுந்தியாளை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும், அவள் ஆபீஸ் பக்கத்திலேயே எல்லாம் தெளிவாக இருக்கிறதே என்று பக்கத்தைத் திறந்தார். மூலையில் இருந்த பொத்தானைத் தட்டினார். ஒட்டினார்.

அவருடைய இரண்டாவது டிஸ்கில்தான் அந்த மாதத்துக் கல்யாணங்கள் எல்லாம் இருந்தன. புதிதாக வாங்கியது மூன்றாவது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜெபாவுக்குப் போன் வந்தது. டப்பாவைத் திறந்தபடியே எடுத்தாள்.

“அத்தான், என்ன போட்டீங்க? வாசிங்க... இல்ல, அங்கன திரையில என்ன தெரியுதுன்னு பைய வாசிங்க.” அவர் வாசித்தார் போல. அவள் முகம் மாறிக்கொண்டே போனது. “அது கேக்கல? அழிக்கவான்னு ஒரு வார்த்த கேக்கலயா?” என்றாள். பிறகு, “எதையும் தொடாதீங்க அத்தான், மிஷின ஆப் பண்ணிருங்க, வாரேன்” என்று எழுந்துவிட்டாள். நான் பைக்கை எடுத்தேன்.

டேவிட் நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. “ஒங்க பக்கத்துல இருக்கத அப்படியேதான ஜெபா போட்டேன்? நான் ஒரு எழுத்துகூட மாத்தலியே” என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். மாற்றாமல் போட்டதுதான் வினை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மற்ற கல்யாணங்களை எடுத்த கேமரா கார்டுகள் அழிக்காமல் இருந்தன. ஒரே ஒரு கல்யாணத்தின் கார்டுகளை மட்டும் டேவிட் அழித்து, அடுத்த முகூர்த்தத்துக்குப் பயன்படுத்திவிட்டார். சீவலப்பேரிப் பெண் வீட்டுக் கல்யாணம் அது. பெண்ணின் அப்பா வயல்காரர். கல்யாணத்தன்று மண்டபத்தில் யாரோ அவர் கையில் மைக்கைத் திணித்திருக்கிறார்கள். வாழ்நாளில் மைக் பிடிக்காத மனிதர், மகளைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு அழுதிருக்கிறார். கல்யாணம் முடிந்து மாதம்கூட ஆகவில்லை, நெஞ்சுவலி வந்து போய்விட்டார். ஆல்பத்துக்கு அவசரமில்லை, அவர் பேசியதை மட்டும் முதலில் எடுத்துக் கொடுங்கள் என்று பெண் இரண்டு தடவை போன் செய்திருந்ததாக டேவிட் சொன்னார்.

ஜெபா லீவு போட்டுவிட்டு அந்த டிஸ்கோடு மல்லுக்கட்டினாள். அழிந்ததை மீட்கிற மென்பொருள்களையெல்லாம் கொண்டுவந்து ஓட்டினாள். மேடை அலங்காரத்தின் ஒரு மூலை வந்தது. பந்தியில் பாதி இலை வந்தது. மாப்பிள்ளையின் மாலை, கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லாமல் வந்தது. குரல் ஒரு துளிகூட வரவில்லை.

பெண்ணும் அம்மாவும் பஸ் ஏறி ஸ்டுடியோவுக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். டேவிட் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாவுக்கு டிஸ்க், கட்டளை எதுவும் புரியவில்லை. “அப்ப அவுக பேசுனது எங்கன இருக்கு?” என்று கேட்டார். இல்லை என்று சொன்னதும், “இல்லன்னா, எங்கயாவது இருக்கணும்லா?” என்று மறுபடி கேட்டார். ஜெபா அவருக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தின் அடியில் எழுதியவர் என்று அவள் பெயர்தான் இருந்தது.

நான் நேரே அலுவலகத்துக்கு வந்து அவரிடம் நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் கத்தியும்தான் சொன்னேன். அவர் எழுந்து சுவரில் ஒட்டியிருந்த அந்தப் பக்கத்தின் முன்னால் போய் நின்றார். எனக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. இந்த மனுஷர் இப்போதாவது அதைப் படிப்பார் என்று நினைத்தேன்.

“இதுல என்ன வே குறை? எல்லா வரியும் ஒரே கோட்டுல நிக்கி. பாத்துப் போடவேண்டியது அவன் பொறுப்புல்லா?” என்றார்.

“பேர மாத்தணும்னு அவருக்கு எப்படி சார் தெரியும்? நாமதான அதை எடுத்தோம்?”

“உதாரணம்னா உதாரணம் வே. அதை எவனாவது போய் நெசமாவே அடிப்பானா?”

இத்தனை வருஷம் அவர் என்ன நினைத்து வேலை பார்த்தார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாங்கள் எழுதுவதை யாரோ அடிப்பார்கள், அடித்தால் எங்கேயோ ஒரு டிஸ்க் சுழலும், அதில் ஒருவருடைய வாழ்க்கை இருக்கும் என்பது அவர் புத்தியில் ஒருநாளும் ஏறியதில்லை. ஜன்னலுக்குத் திரைச்சீலை தைப்பதுபோலத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அன்றோடு போய்விட்டது. கோபப்படுவதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டுமே. மிஞ்சியது வெறும் அருவருப்புதான்.

விஷயம் வெளிநாட்டுக்காரர்கள் வரை போனது. உதாரணத்தை எழுதியது ஜெபராணி, ஒழுங்குபடுத்துவது மட்டுமே தன் பணி என்று பெட்டி சார் பதில் எழுதினார். வார்த்தைக்கு வார்த்தை பொய் என்றும் அதைச் சொல்ல முடியாது, அதுதான் அதிலுள்ள அயோக்கியத்தனம். நானும் முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். ‘பாராட்டு வாங்கின பக்கம்யா அது’ என்றார் முதலாளி. ஜெபா விளக்கம் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய் வேலையை விட்டாள். போகிற அன்று தன் பழைய பக்கத்தை, கோலமும் கூர்முனையும் கேள்வியும் அப்படியே இருக்கிற பக்கத்தை, எனக்கு அனுப்பினாள்.

“இது உங்ககிட்ட இருக்கட்டும் அண்ணே. யாராவது கேட்டா கொடுங்க” என்றாள்.

இப்போது அவள் வீட்டிலிருந்தபடியே வேறொரு நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். அக்கா வீட்டுக்கு மட்டும் முன்னைப்போலப் போவதில்லை என்று கேள்வி.

அவள் போன பிறகு அவர் அந்தப் பக்கத்தில் ஒரு திருத்தம் செய்தார். செய்ததாக நினைத்துக்கொண்டார். இளமஞ்சள் நிறத்தில் இன்னொரு பெட்டி. ஓரத்தில் சின்ன முக்கோணம். உள்ளே, மேற்கண்ட கட்டளைகள் டிஸ்கில் உள்ளவற்றை அழித்துவிடக்கூடும், கவனம் தேவை என்று இருந்தது. அந்த மஞ்சளைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அதைச் சாம்பல் பெட்டிக்குக் கீழே வைத்தார்.

“சார், இது மேலல்லா இருக்கணும்? கீழ இருந்தா அழிச்ச பெறவுதான படிப்பாங்க?” என்று கேட்டேன்.

“மேல வச்சா பெட்டி கீழ எறங்கிரும் வே. மொதப் பார்வையில பெட்டி தெரியணும்.”

அவர் ஓய்வு பெற்றுப் போன மறுநாள் அந்தப் பக்கத்தை நான் மாற்றிவிட்டேன். நீங்கள் இன்றைக்கு அதைத் திறந்தால் வரிக்கு வரி # இருக்கும். ஆனால் அவர் போவதற்குச் சில மாதம் முன்னால் நடந்த ஒன்றை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அவருடைய மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பாளையங்கோட்டையில் பெரிய மண்டபம். பத்திரிகையைக் கையில் வாங்கினால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படி அடித்திருந்தார். நானும் போய் மொய் எழுதிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். சாப்பாடு நன்றாக இருந்தது, அதை மறைப்பானேன். மகள் முகத்தில் அவருடைய சாயல் கொஞ்சமும் இல்லை. அந்தப் பெண் மேடையிலிருந்தே என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு சாயங்காலம் பட்டறை வாசலில் இருக்கும் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைத் தேடி இறங்கி வந்தார். அவராக வந்து எனக்கு டீ சொன்னார். அதுவே புதுசு.

“வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிருக்கேன் வே. நம்ம பைல் சிஸ்டம்தான் போட்டிருக்கு. மக கல்யாண வீடியோ, போட்டோ எல்லாம் ஏத்தி வச்சாச்சு. எடம் பத்தல. கூட ஒரு டிஸ்க் சேக்கணும்.”

“நம்ம பக்கத்துலயே இருக்கே சார், புது டிஸ்க் சேக்கது எப்படின்னு” என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

“மாப்பிள்ளையும் அதைத்தான் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்தாரு. கைய வச்சிராதீங்கன்னு நான் எந்திரிக்கச் சொல்லிட்டேன்.”

“ஏன் சார்?”

டீயை ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். மேலே படர்ந்த ஆடையை விரலால் எடுத்து ஓரத்தில் போட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“அந்தப் பிள்ளை மொதல்ல எழுதுனது ஒண்ணு இருந்துச்சுல்லா, கோலங் கோலமா. அது உம்மகிட்ட இருக்கா வே?”

தெரியாத மனிதர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தெரியாது என்றால் அருவருப்போடு விட்டுவிடலாம். எல்லாம் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அவள் விளக்கினபோது தலையை ஆட்டினாரே, அப்போதே ஒவ்வொரு வார்த்தையும் உள்ளே போயிருக்கிறது.

“இருக்கு சார்” என்றேன். “அப்ப நம்ம பக்கத்தையும் அப்படியே மாத்திரலாம்லா?”

“அது எதுக்கு வே?” என்றார், நிஜமான ஆச்சரியத்தோடு. “அது ஊரு பாக்கதுக்கு உள்ளது. இது எம் மக கல்யாணம்லா?”

கொடுக்காமல் விட்டிருக்கலாம். பக்கத்தைப் பார்த்தே போடுங்கள் சார் என்று சொல்லிவிட்டு டீக்கிளாசை வைத்துவிட்டு வந்திருக்கலாம். வாய்வரை வந்தது. மேடையிலிருந்து கைகூப்பிய பெண்ணை நினைத்துக்கொண்டேன். யாராவது கேட்டால் கொடுங்கள் என்று ஜெபா சொன்னதையும் நினைத்துக்கொண்டேன். அவள் யாராவது என்று சொன்னாளே தவிர, இன்னார் தவிர என்று சொல்லவில்லை. அங்கேயே நின்று அவருக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலையில் நேரே என் மேஜைக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது வே. மாப்பிள்ளை மொத்தமாத் தூக்கித்தான் மொதல்ல போட்டாரு. ஒண்ணுமே நடக்கல. பெறவு ஒவ்வொரு வரியாப் படிச்சு, எங்க டிஸ்க் பேரப் பாத்து எழுதி, பைய அடிச்சாரு. நடுவுல ஒரு தடவ பழைய டிஸ்க் பேரப் போட்டுட்டாராம், அழிக்கவான்னு கேட்டுச்சாம், வேண்டாம்னுட்டாரு. ஒண்ணும் போகல, எல்லாம் இருக்கு.”

“சந்தோஷம் சார்” என்றேன்.

தன் அறையைப் பார்த்து நடந்தார். பாதி வழியில் நின்று திரும்பினார். ஜெபாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“ஆனா பாக்கதுக்குத்தான் வே” என்றார், “கண்றாவியா இருக்கு.”